கணக்கு நோட்டின் பின்பக்கம்: ஒரு மசாலாக் கடையும் சமூகப் பணியும்

பொன்விழா மலர்க் குழுவினர் வீட்டுக்கு வந்து, "உங்க அத்தா தொடக்க கால உறுப்பினர். அவர் கடை சங்கத்துக்குச் செஞ்சதை ஒரு கட்டுரையா எழுதித் தாங்க" என்று கேட்டார்கள். இன்ஷா அல்லாஹ் என்று ஒப்புக்கொண்டேன். பழைய ஆண்டறிக்கைகளை எடுத்துப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. எங்கள் கடையின் பெயர் நான்கு அறிக்கைகளில் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் நன்கொடையாளர் பட்டியலில் ஒரே ஒரு வரி. கடைப் பெயர், எதிரே 25 வெள்ளி. நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 100 வெள்ளி. அந்தத் தாள்களை மட்டும் நம்பினால் கட்டுரை இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

நல்லவேளையாக அத்தாவின் கடைக் கணக்கு நோட்டு ஒன்று என்னிடம் தங்கிவிட்டது. முன்பக்கத்திலிருந்து வியாபாரம்: மிளகாய் மூட்டை, மல்லி, மஞ்சள், கடன் வாங்கியவர், கட்டியவர். நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால் பின்பக்கத்திலிருந்து வேறொரு கணக்கு ஓடுகிறது. "பள்ளிவாசல் கஞ்சி மசாலா, 30 நாள்." "மையித்து வீடு, கடை அடைப்பு, அரை நாள்." "பாரம் எழுத, 6 பேர்." தொகை எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறார். இந்தக் கட்டுரை அந்தக் கோடுகளைப் பற்றியது.

இன்று இதற்குத் தொண்டூழியம் என்று அழகான சொல் இருக்கிறது. சமூக மன்றத்தில் சான்றிதழ் தருகிறார்கள், பிள்ளைகளின் பள்ளி அறிக்கையில் மணிக்கணக்கு ஏறுகிறது. எங்கள் வீட்டில் "ஒத்தாசை" என்பார்கள். பள்ளிவாசல் காரியமாக இருந்தால் "ஹித்மத்து". மணிக்கணக்கு யாரும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் சிலருக்கு நியாயம் கிடைத்திருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தத் தீவில் நம்மவர்களின் பொதுப்பணி கடையிலிருந்துதான் கிளம்பியிருக்கிறது. 1819க்குப் பிறகு சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்தவர்களில் வணிகரும் நாணயம் மாற்றுவோரும் ஏராளம். சூலியாக்கள் என்று அழைக்கப்பட்ட அவர்கள் 1826இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் நிலம் பெற்றார்கள். அங்கே எழுந்ததுதான் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். இப்போது நாம் பார்க்கும் கட்டடம் 1830க்கும் 1835க்கும் இடையில் கட்டப்பட்டது. தெலுக் ஆயரில் 1827இல் ஒரு கூரைக் குடிசையாகத் தொடங்கிய அல்-அப்ரார் பள்ளிவாசலை இன்றும் பெரியவர்கள் குச்சுப்பள்ளி என்றுதான் சொல்கிறார்கள். செங்கல் கட்டடம் வந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் குடிசையின் பெயர் போகவில்லை. அதே தெருவில் 1828 முதல் 1830 வரை நாகூர் தர்கா எழுந்தது. ஜாமிஆ பள்ளிவாசலுக்கு முன்னின்ற அன்சார் சாகிபின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. குச்சுப்பள்ளிக்குக் கூரை வேய்ந்தவர் யார், கடையை அடைத்துவிட்டு மண் சுமந்தவர் யார் என்று தேடினால் ஒரு பெயரும் அகப்படாது. எங்கள் ஆண்டறிக்கைக்கும் அந்தக் காலத்துக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

எங்கள் குடும்பம் வந்தது மிகவும் பின்னால். இப்போது தென்காசி மாவட்டத்தில் இருக்கும் கடையநல்லூர் அன்று திருநெல்வேலிச் சீமை. தறி நெய்து பிழைத்த குடும்பங்கள் அங்கே நிறைய. நெசவில் வயிறு நிறையாத நிலையில், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிங்கப்பூருக்கு வந்தவர்கள் பெரும்பாலும் தஞ்சோங் பகாரைச் சுற்றிக் குடியேறினார்கள். துறைமுகம் பக்கத்தில், வேலையும் பக்கத்தில். மற்ற ஊர்த் தமிழ் முஸ்லிம்கள் பலர் பெண்டு பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்து, சில ஆண்டுக்கொருமுறை கப்பலேறிப் போய்ப் பார்த்து வந்த காலம் அது. கடையநல்லூர்க்காரர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். மெக்ஸ்வல் சாலைப் பக்கம் கடையநல்லூர் ஸ்திரீட் என்று ஒரு தெரு இன்றும் இருக்கிறது. பேரப்பிள்ளைகளைச் சாப்பிட அழைத்துப் போகிறவர்கள் அந்தப் பெயர்ப் பலகையை ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள்.

குடும்பத்தோடு வந்ததால் பெண்களும் சம்பாதித்தார்கள். அவர்கள் கையில் இருந்த தொழில் அம்மி. எங்கள் நன்னி விடியுமுன் எழுந்து, முந்தின இரவு ஊறப்போட்ட காம்பு நீக்கிய மிளகாயை அரைப்பார். பிறகு மல்லி, மஞ்சள், சீரகம், இஞ்சி, பூண்டு, வெங்காயம், தேங்காய் எல்லாம் தனித்தனியாக. ஃபஜ்ர் தொழுதுவிட்டு அவற்றைத் தட்டில் குவித்து எடுத்துக்கொண்டு அஞ்சடியில் போய் உட்காருவார். வாங்க வருகிறவர் எடை சொல்ல மாட்டார். "மீன் கறி, நாலு பேருக்கு" என்பார். நன்னி ஒவ்வொரு குவியலிலிருந்தும் விரலால் வழித்து, இலையில் வைத்து மடித்துக் கொடுப்பார். மலாய்க்காரப் பெண் வந்தால் ஒரு கலவை, சீனர் வீட்டு அம்மா வந்தால் காரம் குறைத்து வேறொரு கலவை. விலை சில காசுதான். மிளகாய் எரிச்சல் மட்டும் அவர் கையை விட்டுப் போனதே இல்லை. இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு கையை விரித்தபடிதான் படுப்பார். எங்களைத் தூக்கும்போதுகூடப் புறங்கையால்தான் முகத்தைத் தொடுவார்.

ஆள் கணக்கில் விற்பதால் வாங்குகிறவர் வீட்டு நிலைமை நன்னிக்குத் தெரிந்துவிடும். ஆறு பேருக்கு வாங்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று மூன்று பேருக்குக் கேட்டால் வீட்டில் மூன்று பேர் குறைந்துவிட்டார்கள் என்றா அர்த்தம்? வேலை போயிருக்கும், அல்லது வேறு செலவு வந்திருக்கும். நன்னி ஒன்றும் கேட்க மாட்டார். மூன்று பேருக்கான காசை வாங்கிக்கொண்டு ஆறு பேருக்கு மடித்துக் கொடுத்துவிடுவார். கொடுத்தது வாங்கியவருக்கே வீட்டுக்குப் போய் இலையைப் பிரித்தால்தான் தெரியும். எங்கள் குடும்பத்தின் தொண்டு எங்கே தொடங்கியது என்று கேட்டால் நான் அந்த இலை மடிப்பைத்தான் காட்டுவேன். அப்போது நம் சங்கம் பிறக்கவே இல்லை.

சங்கம் என்ற ஏற்பாடு நம்மவர்களுக்கு அதற்கும் முந்தியது. சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941இல் தொடங்கியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஜப்பானியர் கையில் ஊர் விழுந்தது. ஊரோடு கடிதப் போக்குவரத்து அற்றுப்போய், அரிசிக்கு மரவள்ளிக்கிழங்கு என்றாகிவிட்ட மூன்றரை ஆண்டுகள். அது முடிந்த மறு ஆண்டே, 1946இல், லீக் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். துறைமுகத் தொழிலாளியும் அம்மி அரைக்கும் பெண்ணும் நிறைந்த ஒரு சமூகம், போர் முடிந்த கையோடு, தன் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்தான் முதலில் வேண்டும் என்று முடிவு செய்தது. 1960இல் அதில் உயர்நிலை வகுப்புகளும் வந்தன. சிங்கப்பூரில் தமிழ்வழி உயர்நிலைக் கல்வி தந்த ஒரே பள்ளி அதுதான். மாணவர் குறைந்து 1982இல் மூடப்பட்டது. பெயர் அழியவில்லை. பீட்டி சாலையில் உள்ள தமிழ்மொழி நிலையம் இன்றும் உமறுப் புலவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நானும் என் அண்ணனும் மெக்ஸ்வல் சாலைப் பள்ளியில் படித்தவர்கள். அக்காவும் அங்கே சேர்ந்தாள். அவளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

1968, 69ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் தீவு முழுவதும் அங்காடிக்காரர்களைப் பதிவு செய்தபோது நன்னிக்கு வயதாகிவிட்டது. உரிமம் அத்தா பெயரில் வந்தது. அத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும், ஆங்கிலமும் ஓரளவு வரும். அதனால் கடை, மசாலா விற்கும் இடமாக மட்டும் இருக்கவில்லை. ஊருக்குப் பணம் அனுப்பும் பாரம், குடியுரிமை மனு, வீவக வீட்டுக்குப் பதிவு, பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் எழுத்துப்பிழை என்று எதையாவது தூக்கிக்கொண்டு ஆள் வந்துகொண்டே இருக்கும். தட்டில் மல்லி காய்ந்துகொண்டிருக்கும். அத்தா நெற்றியைச் சுருக்கி எழுதிக்கொண்டிருப்பார். ரஜுலா கப்பலில் ஊருக்குப் போகிறவர்கள் சாமான் பெட்டியைக் கடையில் வைத்துவிட்டுத்தான் டிக்கெட் விஷயமாக அலைவார்கள். மையித்துச் செய்தி வந்தால் கடை அடைத்துவிடும். கஃபன் துணிக்கு ஓடுவதும் அடக்கத்துக்கு ஆள் சேர்ப்பதும் அத்தாவின் வேலை. நோட்டின் பின்பக்கத்தில் "அரை நாள்" என்று வருவதெல்லாம் இவைதான். ஓர் ஆண்டுக்கு மட்டும் எண்ணிப் பார்த்தேன். 22 அரை நாட்கள். சின்னக் கடைக்கு அது பதினொரு முழு நாள் வியாபாரம்.

உண்மையைச் சொன்னால் கடைக்கு இதனால் ஆதாயமும் இருந்தது. பாரம் எழுத வந்தவர் சும்மா போக மாட்டார், நாலு பேருக்குக் கறி மசாலா வாங்கிக்கொண்டு போவார். தொண்டையும் வியாபாரத்தையும் தராசின் இரண்டு தட்டில் வைத்துப் பிரிக்க அத்தா முயன்றதே இல்லை. நானும் முயலவில்லை.

நோன்புக் கஞ்சி மட்டும் வேறு கணக்கு. அதில் ஒரு காசு வரும்படி கிடையாது. இளையவர்கள் பலருக்குக் கஞ்சி என்றால் பள்ளிவாசல் வாசலில் மாலையில் டப்பாவில் ஊற்றித் தருவது. அது அங்கே வந்து சேரும் வழியைச் சொல்கிறேன். பச்சரிசியைக் கழுவி, பாசிப்பருப்பும் வெந்தயமும் சேர்த்துக் குழைய விட வேண்டும். இஞ்சி, பூண்டு, வெங்காயம், பட்டை, கிராம்பு, ஏலம் தாளித்து, கொத்துக்கறியை வதக்கிக் கொட்ட வேண்டும். ஊரில் மல்லி, புதினாவோடு நின்றுவிடும். இங்கே ரம்பை இலையும் சேர்ந்துகொண்டது. கடைசியில் தேங்காய்ப்பால். சொல்ல எளிது. பெரிய தேக்சாவில் நூற்றுக்கணக்கானவர்களுக்குக் காய்ச்சும்போது அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கிண்டுகிறவரும் நோன்பாளி. ஒரு சொட்டை விழுங்கி உப்புப் பார்க்க முடியாது. அத்தா ஆவியை முகர்ந்தே "உப்பு பத்தாது" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஒருமுறை தவறியது. அன்று உப்புக் கரித்ததை இருபது ஆண்டு கழித்தும் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரித்தார்கள்.

பள்ளிவாசல் கொல்லையில் கிண்டியது ஆண்கள். லுஹருக்குப் பிறகு போனால் அஸருக்குள் கஞ்சி இறங்க வேண்டும். ஆனால் அதற்கு முந்தின இரவே இஞ்சி பூண்டு அரைத்தது, வெங்காயம் உரித்தது, மசாலா கூட்டியது எல்லாம் எங்கள் வீட்டுப் பெண்கள். 30 நாளும். பெருநாளுக்கு முந்தின நாள் கடையில் கூட்டம் நெரியும். அந்த இரவு மட்டும்தான் பள்ளிவாசலுக்கு அரைக்க வேண்டியதில்லை. நம் சங்கம் தொடங்கியதும், சங்கத்தின் பெயரில் நடந்த இஃப்தாருக்கும் அதே அம்மி, பிறகு அதே மின்சார மில்.

அம்மா முணுமுணுப்பார். "கூலி கேக்கக் கூடாது, சரி. மிளகாய் வாங்குன காசையாச்சும் கேக்கலாம்ல?" அத்தா பதில் சொல்ல மாட்டார். கல்லாவில் அத்தா இல்லாத நேரமெல்லாம் உட்கார்ந்தது அம்மா. மொத்த வியாபாரியின் ஆளுக்குத் தவணை சொன்னதும் அம்மா. அந்த மொத்த வியாபாரி ஒரு சீனர். நோன்பு வந்தால் ஒரு மூட்டை வெங்காயத்தைக் கணக்கில் ஏற்றாமல் இறக்கிவிட்டுப் போவார். யாரும் கேட்டதில்லை. பின்பக்க நோட்டில் "தவுக்கே, வெங்காயம் 1 மூட்டை" என்று எட்டு ஆண்டுகள் வருகிறது. எங்கள் ஆண்டறிக்கை எதிலும் அவர் இல்லை. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதால் விட்டுவிட்டார்களா, அல்லது அத்தாவே சொல்ல மறந்தாரா, எனக்குத் தெரியாது.

இப்போது அக்கா. எனக்கு ஐந்து வயது மூத்தவள். படிப்பில் என்னைவிடக் கெட்டிக்காரி என்று அத்தாவே சொல்லியிருக்கிறார். நோன்பு மாதத்தில் இரவு நெடுநேரம் வெங்காயம் உரித்துவிட்டு ஸஹருக்கு எழுந்தால் காலையில் வகுப்பில் தூக்கம் வரும். பிறகு நோன்பு மாதத்தில் சில நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. பிறகு நன்னிக்குக் கை முடியாமல் போனது. அம்மியில் அக்கா உட்கார்ந்தாள். ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டாள். அண்ணனையோ என்னையோ யாரும் நிறுத்தவில்லை. பள்ளிவாசலில் நோன்பு திறந்தவர்கள் "அல்ஹம்துலில்லாஹ், இன்னிக்குக் கஞ்சி அருமை" என்றபோது அதில் ஒரு பெண் பிள்ளையின் படிப்பும் கரைந்திருந்தது. இதைக் குடும்பத்தின் பெருமையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. எழுதாமல் விடவும் மனம் வரவில்லை. தொண்டு செய்த குடும்பம் என்று மேடையில் எங்களை அழைக்கும்போது எல்லாரும் அத்தாவை நினைக்கிறார்கள். நான் அக்காவைத் திரும்பிப் பார்ப்பேன். அவள் பெரும்பாலும் சமையல் கட்டில் இருப்பாள்.

1970களில் தெருவோரக் கடைகளைச் சந்தைக் கட்டடங்களுக்குள் கொண்டுபோனார்கள். எங்களுக்கும் ஈரச்சந்தையில் ஒரு கடை கிடைத்தது. குழாய்த் தண்ணீர், மின்சாரம், மில். தஞ்சோங் பகார் வீடுகளைக் காலி செய்த குடும்பங்கள் புதிய அடுக்குமாடிகளுக்குப் போய்ச் சிதறின. அஞ்சடியில் நின்று கூப்பிட்டால் வந்துவிடுகிற தூரத்தில் இனி யாரும் இல்லை. நம் சங்கத்தின் தேவை இந்த இடத்தில்தான் பெரிதாகத் தெரிந்தது என்பது என் எண்ணம். உமறுப் புலவர் பள்ளி மூடிய பிறகு, தமிழ்ப் பாடத்துக்கும் கணக்குக்கும் சங்கம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்தியது. அத்தா ஞாயிறு காலை வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பிள்ளைகளை வேனில் ஏற்றி வருவார். 1982இல் மெண்டாக்கி வந்தது, 1991இல் சிண்டா வந்தது. வசதியான வகுப்பறைகளில் துணைப்பாடம் நடக்கிறது, நல்ல விஷயம். அதற்கு முன்னும் பின்னும் பதினொரு ஆண்டுகள் அந்த ஞாயிறு வகுப்புக்குத் தேநீரும் பிஸ்கட்டும் கொண்டுவந்து, பாடம் முடியும்வரை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் அக்கா. டம்ளர் கழுவக் காத்திருக்கிறாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். கணக்குப் பாடத்தை அவளும் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தாள் என்பது, பின்னாளில் என் மகனுக்கு அவள் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அத்தா 1996இல் மர்ஹூமானார்கள். அண்ணன் 2009 வரை கடையை நடத்திவிட்டு மூடினார். பொட்டல மசாலா வந்த பிறகு "நாலு பேருக்கு" என்று கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். 2020இல் மார்ச் மாதமே பள்ளிவாசல்கள் மூடப்பட்டு, நோன்பு வந்தபோது கூடி நோன்பு திறக்க வழியில்லாமல் போனதே, அப்போது அண்ணன் மகன் தன் வட்டாரத்தில் தனியாக இருந்த பெரியவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய் வாசலில் மாட்டிவிட்டு வந்தான். சங்கம் பட்டியல் கேட்டபோது அவனிடம் எழுத்தில் எதுவும் இல்லை. எந்த புளோக்கில் எத்தனை பேர் என்று வாயால் சொன்னான். எனக்கு நன்னி ஞாபகம் வந்தது.

கட்டுரையை எழுதி முடித்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவளுக்கு இப்போது 74 வயது. பின்பக்கத்தை ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினேன். எண்ணெய்க் கறை படிந்து மூன்று பக்கங்கள் படிக்க முடியவில்லை. அவற்றை அவள் நினைவிலிருந்து சொன்னாள், நான் பென்சிலால் எழுதினேன். ஓர் இடத்தில் "மையித்து வீடு, அரை நாள்" என்றிருந்தது. "அது அரை நாள் இல்ல. மூணு நாள். சின்னப் பிள்ளைங்க இருந்த வீடு. நாந்தான் போய் இருந்தேன். அத்தா தன் கணக்கை மட்டும் எழுதியிருக்காரு" என்றாள். அடித்துத் திருத்தட்டுமா என்று கேட்டேன். "அத்தா எழுத்து, அடிக்காதே. பக்கத்துல எழுது" என்றாள்.

எழுதினேன். நோட்டைச் சங்க அலுவலகத்தில் ஒப்படைத்திருக்கிறேன். ஆண்டறிக்கைகள் இருக்கும் அதே அலமாரியில் வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நோட்டு கிடந்தால், முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எறிந்துவிடாதீர்கள்.